அரை வெளிச்சத்தில் ஆடுவது

இந்த அலமாரிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் என் இடது கை தானாகவே பேண்ட் பைக்குள் போய்விடுகிறது. யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் இருக்கிற இடத்தில் ஒரு கைதான் வேலை செய்ய வேண்டும், மற்றது சும்மா கிடக்க வேண்டும், இரண்டும் உள்ளே போனால் ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கும், நடுவில் இருப்பது நெஞ்சு. கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் காலையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கிற டிம்மர் அறை இது. ஜன்னல் கிடையாது. இரண்டு பேர் நின்றால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆளுயர இரும்பு அலமாரிகள் மூன்று, அவற்றுக்குள் தட்டுத் தட்டாக டிம்மர்கள். மேடை விளக்கைக் கூட்டவும் குறைக்கவும் இவைதான். பாளையங்கோட்டையில் இந்த அரங்கத்தைக் கட்டியபோது வாங்கிப் போட்டது, அப்புறம் எத்தனையோ கல்லூரி விழா, கிறிஸ்துமஸ் நாடகம், அரசியல் கூட்டம், எல்லாவற்றுக்கும் முனகிக்கொண்டே உழைத்துவிட்டது. இன்றைக்குச் சாயங்காலமும் ஒரு நாடகம். அதற்குள் மேடை விளக்குகள் ஏன் ஆடுகின்றன என்று நான் கண்டுபிடிக்க வேண்டும், முடியாவிட்டால் என் மனைவி ஜெபசீலி மேடை ஏறக் கூடாது. ஏறினால் அவளுக்கு வலிப்பு வரலாம். விஷயம் அவ்வளவுதான்.

விளக்கு ஆடியது நேற்று ஒத்திகையில்தான். கடைசிக் காட்சி, ஆற்றங்கரை, பொழுது சாய்கிற நேரம். மறுகரையிலிருந்து தோணி வர வேண்டும், வராது, சீலி ஒருத்தியாக நின்று அந்த ஆற்றோடு பேசிக்கொண்டே இருப்பாள். எல்லா விளக்கும் பாதி வெளிச்சத்தில். எதுவோ இமைத்த மாதிரி இருந்தது. என் கண்ணில்தான் தூசி என்று நினைத்தேன். மேடையில் சீலி பேச்சை நிறுத்திவிட்டு, முழங்கையை மடக்கிக் கண்ணை மூடி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாடகத்தை நடத்துகிற தனராஜ் சார் கீழேயிருந்து கை தட்டி, "பிரமாதம் டீச்சர், இதையே வச்சுக்குவோம்" என்றார். அந்த மனுஷரை எதால் அடிக்கலாம் என்று நான் சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் விளக்குகள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே துடிக்க ஆரம்பித்துவிட்டன, இடது பக்கம் மங்கினால் வலது பக்கம் ஏறும், வலது பக்கம் மங்கினால் நடுவில் ஏறும், மேடையையே யாரோ முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி. மெயினை அணைக்க ஓடினேன். சீலி கண்ணைத் திறக்கவில்லை. மூச்சை மட்டும் எண்ணி எண்ணி விட்டாள், அது டாக்டர் சொல்லிக் கொடுத்தது. வலிப்பு வரவில்லை. பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள், "முழுசா எரியும்போது ஒண்ணும் இல்லங்க, மங்கும்போதுதான் ஆடுது. கண்ணுக்குத் தெரியதுக்கு முன்னாலயே எனக்கு மண்டைக்குள்ள தெரிஞ்சிட்டு." நான் சரி சரி என்றேன். எதிரே டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது.

காலையில் முதல் வேலையாக அட்டைகளை மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு டிம்மருக்கும் ஒரு மின் அட்டை இருக்கிறது, ஆடுகிற டிம்மரின் அட்டையைக் கழற்றி ஆடாததில் போட்டால் வியாதியும் கூடவே போக வேண்டும். போகவில்லை. மேலே கன்ட்ரோல் அறையிலிருந்து கட்டாக வருகிற கம்பிகளைப் பிரித்தேன், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் கையோடு வரவில்லை. என்னோடு இங்கே விளக்கு வேலை பார்க்கிற மீரான் மேலே உட்கார்ந்து, பலகையில் விளக்கைக் கூட்டிக் குறைக்கிற நெம்புகளை எல்லாம் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார், ஒரு ஊரின் அழுக்கு வந்தது, பழுது வரவில்லை. ஒவ்வொரு விளக்காக ஏற்றி இறக்கினோம், ஒவ்வொன்றும் நல்ல பிள்ளையாக இருந்தது. ஓரிடத்தில் நிற்கிற பழுது என்றால் மடக்கிப் பிடித்துவிடலாம். இது நேற்று ஒரு நிமிஷத்துக்குள் மூன்று அலமாரியிலும் வீடு மாறியிருக்கிறது. மாறுகிற பழுது அட்டையில் இருக்காது, பொதுவான ஏதோ ஒன்றில்தான் இருக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறது. பொதுவானது என்று இங்கே இருப்பது நானும் மீரானும்தான்.

போன் சட்டைப் பையில் ஸ்பீக்கரில் கிடக்கிறது. அதிலிருந்து மீரான் குரல் என் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும்.

"என்ன வே, இருக்கீரா போய்ச் சேந்துட்டீரா?"

"இருக்கேன் இருக்கேன். எல்லாத்தையும் ஏத்தும்."

"எவ்வளவு?"

"முழுசா வே. எப்பவும் போல."

முழுசாக ஏற்றினால் அலமாரிகள் அமைதியாகிவிடும், இது எனக்கு எப்போதும் ஆச்சரியம். விளக்கு முழுதும் எரியும்போது இவற்றுக்கு வேலையே இல்லை, வருவதை அப்படியே விட்டுவிடும். குறைக்கும்போதுதான் முனகல் தொடங்கும். பலரும் நினைப்பது, குழாயைத் திருகித் தண்ணீரைக் குறைக்கிற மாதிரி டிம்மர் மின்சாரத்தைக் குறைக்கிறது என்று. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குறைப்பதே இல்லை, வெட்டுகிறது. கரண்ட் அலை அலையாக வருகிறது, நொடிக்கு நூறு தடவை எழும்பி விழுகிறது, ஒவ்வொரு எழும்பலுக்கும் இந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற, என் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு சில்லு, கதவை மூடிக்கொண்டு பேசாமல் நிற்கிறது, அலை பாதி கடந்ததும் சட்டென்று திறக்கிறது, மீதிப் பாதியை மட்டும் உள்ளே விடுகிறது. அடுத்த அலைக்கும் அதே மாதிரி. அதற்கடுத்ததற்கும். நொடிக்கு நூறு தடவை காத்திருந்து, நூறு தடவையும் அதே இடத்தில் திறக்க வேண்டும், மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் மேடையில் பொழுது சாயாது, துடிக்கும். நாம் அந்தி என்று பார்த்து உருகுகிற வெளிச்சத்தில் பாதி நேரம் கரண்டே கிடையாது. கம்பிச்சுருள் சூடாக இருப்பதால் இருட்டு நமக்குத் தெரிவதில்லை. இதை முதல் முறை புரிந்துகொண்ட அன்று இந்த அறையில் தனியாக நின்று, ஆண்டவரே என்று சத்தமாகவே சொன்னேன். ஜெபத்தில்கூட அவ்வளவு மனசோடு சொன்னதில்லை, பாஸ்டர் கேட்டால் வருத்தப்படுவார்.

வெட்டுவது கெடுதல் இல்லை. ஒழுங்கில்லாமல் வெட்டுவதுதான், மெதுவாக வெட்டுவதுதான். அது எனக்கு அம்பாசமுத்திரம் பஸ்ஸில் தெரிந்தது. கல்யாணமாகிப் புதிது, விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், சீலி ஜன்னலோரம். சாலை நெடுக மருத மரம், மரத்துக்குப் பின்னால் சாய்ந்த சூரியன். பஸ் ஓட ஓட வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல், அவள் கன்னத்தில் அது ஓடுவதை நான் அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தி கெட்டவன், அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தவள் ஒரு வார்த்தையின் நடுவில் நின்றாள். கை விறைத்தது. அப்புறம் நடந்ததில் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு, அவள் தலை கம்பியில் இடிபடாமல் என் உள்ளங்கையை நடுவில் கொடுத்தது, யாரோ வீட்டுச் சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தது, இரும்பு பட்டால் நின்றுவிடும் என்று ஒரு கிழவர் அதட்டியது, இன்னொருவர் பிள்ளை பெற்ற உடம்பா என்று கேட்டது, பஸ் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. அவளுக்குத் தெளிந்ததும் முதலில் சேலையைத்தான் தடவினாள், நனைந்திருக்கிறதா என்று. நனைந்திருந்தது. என் மேல்துண்டைப் போட்டு மூடினேன். இறங்கி நடக்கும்போது, "எத்தன பேரு பாத்தாங்க?" என்று மட்டும் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை என்றேன், பஸ்ஸே பார்த்திருந்தது.

ஏமாற்றிக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு வந்தது. யாரும் ஏமாற்றவில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, கோயில் வளாகத்து வேப்ப மரத்தடியில் எங்களை இரண்டு நிமிஷம் பேச விட்டபோது, அவள் எடுத்த எடுப்பில் சொன்னாள்: "எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுதேன். அம்மா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க, அதான் சொல்லுதேன்." என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், "எனக்கும் அப்பப்ப ஷாக் அடிக்கும்" என்றேன். கணக்கு டீச்சர் என்றால் முறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், தூரத்தில் நின்ற அவள் அம்மாவுக்கு அழுகிறாளோ என்று பதற்றம். அந்தச் சிரிப்புக்காகத்தான் கட்டிக்கொண்டேன். இன்று வரைக்கும் அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அவள் வியாதி தெரியாது. சாயங்காலம் கீழே உட்காரப்போவது முக்கால்வாசி அவளிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். பிள்ளைகள் கண்முன்னால் அவள் விழுந்தால், வாயில் நுரை தள்ளி, சேலை நனைந்து, அந்த பஸ்ஸில் பார்த்த மாதிரி எழுந்து நின்று பார்த்தால், மறுநாள் அவள் கரும்பலகைக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பாள். விழுந்து தலையில் அடிபடுவது இன்னொரு பயம். எது பெரிய பயம் என்று என் மனசு எடை போடப் பார்க்கிறது, வேண்டாம், இரண்டும் வேண்டாம்.

மாற்று ஏற்பாடும் யோசித்தாயிற்று. நேற்றே மீரான் சொன்னார், எல்லா விளக்கையும் முழுசாக எரியவிட்டே நாடகத்தை ஓட்டிவிடுவோம், யாருக்கு என்ன தெரியப்போகிறது. அதைக் காலையில் சீலியிடம் சொன்னேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் நுரையோடு திரும்பி, "சாயங்காலத்த மத்தியானம் ஆக்கிப்புட்டு நான் ஏன் தோணிக்கு அழணும்? நடந்தே போயிருப்பேனே" என்றாள். வாடகைக்கு வருகிற எல்.இ.டி. விளக்கு போன கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் போட்டார்கள், பாதியில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள், மலிவு விளக்கு, அதற்குள்ளேயே ஒரு துடிப்பு. அவளுக்குப் பதில் வேறு ஆள் கிடையாது. இதெல்லாம் காரணம். நிஜக் காரணம், அவளுக்கு அந்தக் காட்சி வேண்டும். இரண்டு மாதமாக வீட்டில் அரிசி களையும்போது அந்த ஆற்றோடுதான் பேசுகிறாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "நீங்க சரியாயிட்டுன்னு சொன்னா ஏறுதேன், இல்லன்னு சொன்னா ஏறல" என்றாள். இதைவிட அவள் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

"வே, ஏத்துதேன்" என்றது சட்டைப் பை.

"ஏத்தும்."

மூன்றாவது அலமாரிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். இங்கேதான் மெயின் கம்பிகள் உள்ளே வருகின்றன, மூன்று பேஸ், சிவப்பு, மஞ்சள், நீலம், மூன்றும் கொண்டுவந்து கொடுப்பதைத் திரும்ப எடுத்துப் போக ஒரே ஒரு கறுப்பு, நியூட்ரல். கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொன்றையும் கவ்விப் பார்க்கிறேன், கம்பியைத் தொடாமல் சுற்றிக் கவ்விக்கொண்டாலே உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லிவிடுகிற இடுக்கி அது. முன்பே பார்த்துவிட்டேன், விளக்கு முழுதும் எரிந்தபோது மூன்றிலும் நிறைய, கறுப்பில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்று அலையும் ஒன்றுக்கொன்று பிந்தி வருவதால் திரும்பும்போது ஒன்றையொன்று தீர்த்துவிடும். சீலி ஒரு தடவை காபி டம்ளரைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள், எந்த நேரத்தில் பார்த்தாலும் மூன்றையும் கூட்டினால் சைபர் என்று. அதனால்தான் வீட்டு வயரிங் செய்கிறவர்கள் எல்லோரும் கறுப்பை ஒல்லியாகப் போடுவார்கள், சும்மா இருக்கிற கம்பிக்கு எதற்குச் செம்பு. இங்கேயும் போன வருஷம் பழைய கேபிளை மாற்றிய ஆள் அப்படித்தான் போட்டிருக்கிறார், கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற மாதிரி, மூன்று தடி, ஒரு ஒல்லி. கறுப்பில் மாட்டின மீட்டரை எடுக்கக்கூட இல்லை, அது பாட்டுக்குத் தொங்குகிறது, நான் பக்கத்து நட்டைத் திருகிக்கொண்டிருக்கிறேன். அலமாரிகள் முனகத் தொடங்கின. முழுசாக ஏறியதும் அடங்கும். அடங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மீரான் குரல், ஆனால் என்னிடம் இல்லை, "ஆமாம்மா, ரெண்டு கிலோ, ஆமா, எலும்போட" என்று. அவர் வீட்டிலிருந்து இன்னொரு போனில் கூப்பிட்டிருக்கிறார்கள். கையை நெம்புகளின் மேல் பாதியில் வைத்துக்கொண்டே கறிக்கடைக் கணக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். மூக்கில் ஒரு வாசனை ஏறியது, பிளாஸ்டிக் இளகுகிற, லேசாக மீன் கவிச்சு மாதிரி ஒரு வாசனை. மீட்டரைப் பார்த்தேன்.

சிவப்பில் எவ்வளவு ஓடுகிறதோ, மஞ்சளில் எவ்வளவோ, நீலத்தில் எவ்வளவோ, அவற்றில் எதைவிடவும் அதிகம். கறுப்பில். சும்மா இருக்கிற கம்பியில். மீட்டர் கெட்டுவிட்டது என்று எடுத்து மறுபடி கவ்வினேன், இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"வே! அப்படியே நிறுத்தும்! கையை அசைக்காதேயும்!"

"எலும்பா?"

"நெம்பு வே, நெம்பு! பாதியிலயே நிக்கட்டும்!"

முழு அலைகள் மூன்றும் சந்தித்தால் தீர்ந்துபோகும். வெட்டின அலைகள் தீராது. இவன் விட்டுப்போன பாதியில் அவன் வந்து நிற்கிறான், அவன் விட்டதில் இன்னொருவன், மூன்று பேர் வெட்டிப்போட்ட துண்டும் ஒன்றையொன்று அணைக்க ஆளில்லாமல் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்புகிற கம்பியில் ஏறிக்கொள்கின்றன. பிரகாசம் கூடினால் பாரம் குறைகிறது, மங்கினால் பாரம் கூடுகிறது. மேடையில் அந்தி இறங்க இறங்க இங்கே இருட்டு அறைக்குள் இந்த ஒல்லிக் கம்பி தகிக்கிறது, அது தகித்துத் தகித்து அதன் நட்டு இளகிவிட்டது, நட்டு இளகினதும் மூன்று பேஸும் நிலைகொள்ளாமல் ஒன்றின் வெளிச்சத்தை ஒன்று பறிக்கின்றன, இடது மங்கினால் வலது ஏறுகிறது. டார்ச்சை அடித்தேன். கறுப்பு உறை நட்டுக்கருகில் பழுப்பேறிச் சுருங்கி, பொரித்த அப்பளம் மாதிரி. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. யாரும் எழுதிவைத்துச் செய்யாத ஒன்று, அதுபாட்டுக்கு இத்தனை கணக்காக நடந்துகொண்டிருக்கிறது, நம் கண்ணெதிரே, இங்கே ஒன்றும் கிடையாது என்று நாம் நம்பிக்கொண்டிருந்த இடத்தில். உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது, எதை என்று தெரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, சீலி நேற்றே ஸ்கூட்டரில் சொன்னாள், மங்கும்போதுதான் என்று. காலையிலிருந்து நான் முழுசா முழுசா என்று கத்திக்கொண்டிருக்கிறேன். விளக்குக்காரன் எவனும் அப்படித்தான் பார்ப்பான், பழக்கம். ஆனால் பழக்கம் மட்டும் இல்லை. எல்லா விளக்கையும் சேர்த்துப் பாதியில் வைத்தால் நேற்றைய அந்தத் துடிப்பு வரும், அவள் முழங்கையால் கண்ணை மூடினது வரும், அதைத் திரும்ப வரவழைக்க எனக்குத் தைரியம் இல்லை. கறிக்கடைக்கு நன்றி.

மெயினை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் வேலை செய்தேன். வெந்துபோன நுனியை வெட்டினேன், வெட்டின துண்டு கையில் இன்னும் சுட்டது. ஜெனரேட்டருக்கு வைத்திருந்த தடித்த கேபிளை மீரான் தோளில் சுமந்துகொண்டு வந்து போட்டார், மூன்று பேஸை விடவும் தடியானது, அதைக் கறுப்புக்குப் பதிலாகப் போட்டேன். நட்டை முறுக்கும்போது முறுக்கினது போதும் போதும் என்று மீரான் சொல்ல வேண்டியிருந்தது. மறுபடி கரண்டைப் போட்டு, எல்லாவற்றையும் பாதிக்கு ஏற்றி, கேபிளைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. பாரம் அதே பாரம்தான், இறங்கவில்லை, ஆனால் சூடு இல்லை. அலமாரிகள் ஒரே சுருதியில் முனகின. மேடையில் அந்தி நின்றது. சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்று இங்கே, மனசுக்குள், சொல்ல முடிகிறது. அவளிடம் சொல்ல வேண்டுமே. நட்டு நட்டாகப் பார்த்தேன், ஆனால் நான் பார்க்காத நட்டு எது என்று எனக்கு எப்படித் தெரியும். காலையில் கறுப்பையும்தான் பார்த்தேன், அதிலும் ஒன்றுமில்லை என்றுதான் இருந்தது.

சீலி பள்ளிக்கூடம் அரை நாள் முடிந்து கையில் சாக்பீஸ் தூளோடு வந்தாள். அறை வாசலில் நின்று என் முகத்தைத்தான் பார்த்தாள், அலமாரியைப் பார்க்கவில்லை. நான் வெந்த துண்டைக் காட்டினேன், மூன்று அலை, வெட்டின துண்டு, தீராமல் சேர்வது, எல்லாம் சொன்னேன், மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கண் விரிந்துகொண்டே வந்தது. "ஒரு நிமிஷம்" என்று காற்றில் விரலால் மூன்று வளைவு போட்டாள், ஒவ்வொன்றையும் பாதியில் வெட்டினாள், கூட்டினாள், "அட, ஆமா! ஒண்ணுமேல ஒண்ணு வந்து உக்காருதே!" என்று வாயைப் பிளந்தாள். அந்தக் கரிந்த துண்டை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப சரியாயிட்டா?" என்றாள்.

"சரியாயிருக்கணும்."

"இருக்கணும்னா?"

கேபிளைப் புறங்கையால் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், கணக்கில் கடைசி வரி எழுதாத பையனைப் பார்க்கிற மாதிரி.

"மீரான் அண்ணன டீ குடிக்கப் போகச் சொல்லுங்க. லைட்டு பாதியிலயே நிக்கட்டும். கதவெல்லாம் சாத்திட்டு வாங்க. நான் முழுக் காட்சியும் இப்பச் செய்யுதேன்."

"இப்பவா? ஏன் சீலி, யாரும் இல்லாம..."

"யாரும் இல்லாதப்பதான். விழுந்தா உங்க முன்னால மட்டும் விழுதேன். அதுக்கு எனக்கு வெக்கம் இல்ல." மேடைப் படியில் செருப்பைக் கழற்றினாள். "நீங்க முன்வரிசையில உக்காருங்க. என்னைப் பாக்கக் கூடாது, லைட்ட மட்டும் பாருங்க. ஒரு துளி ஆடினாலும் சத்தம் போடுங்க, கண்ண மூடிக்கிடுதேன்."

கதவுகளைச் சாத்தினேன். முன்வரிசையில், விளிம்பில் உட்கார்ந்தேன், ஓடுவதற்குத் தோதாக. அண்ணாந்து முதல் விளக்கைப் பார்த்தேன், இரண்டாவதைப் பார்த்தேன், கண் கூசினாலும் பார்த்தேன். அவள் ஆரம்பித்தாள். மெதுவாகத்தான், ஒத்திகையில் பேசுகிற குரல் இல்லை, அரிசி களையும்போது பேசுகிற குரல். மூன்றாவது விளக்கைப் பார்க்கத் திரும்பினவன் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டேன். கழுத்தில் நரம்பு அசைகிறதா, கை விறைக்கிறதா, வார்த்தை நடுவில் நிற்கிறதா. நிற்கவில்லை. வார்த்தை வந்துகொண்டே இருந்தது. அந்தப் பாதி வெளிச்சம் அவள் நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் நின்று, கன்னத்தைச் சொல்லாமல் விட்டிருந்தது. இவளோடு இத்தனை வருஷம் இருக்கிறேன், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன், இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே சுவரும் திரையும்தான் இருக்கிறது, அவள் பார்ப்பதைப் பார்த்தால் ஆறு ஓடுகிறது, அகலமான ஆறு. நொடிக்கு நூறு முறை இருட்டும் வெளிச்சமுமாகத்தான் அவள்மேல் விழுந்துகொண்டிருக்கிறது, ஒரு தடவை பிசகினால் போதும், அந்த நூற்றுக்கு நடுவில் அவள் பயமில்லாமல் நிற்கிறாள். முகத்தை மேலே தூக்கினாள், எங்கேயோ நேராகப் பார்த்தாள், நடிப்பு என்று நினைத்தேன். தோணி வராது என்பது அவளுக்குத் தெரிகிற இடம் வந்தது. என் கண்ணில் நீர் கட்டி எல்லாம் கலங்கிவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

பேச்சு நின்றது. எழுந்து ஓடப் போனேன். அவள் விழவில்லை, முடித்திருந்தாள். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"முடிஞ்சிட்டுங்க. லைட்டு ஆடிச்சா?"

"தெரியல சீலி."

"தெரியலையா?"

"நான் லைட்டப் பாக்கல."

மேடை விளிம்புக்கு வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளாமலேயே சிரித்தாள்.

"நான் பாத்தேன்" என்றாள். "முழுக்க அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ஆடல."